காரின் முன் கண்ணாடி உள்பக்கம்: பிசுக்கு போகத் துடைப்பது எப்படி?

வெளியே கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. காலையில்தான் வாட்டர் வாஷ் செய்து எடுத்த வண்டி. ஆனால் இரவில் செங்கல்பட்டு தாண்டி ஜிஎஸ்டி சாலையில் போகும்போது, எதிரே ஓர் ஆம்னி பஸ் ஹைபீம் போட்டு வந்தால் போதும். கண் முன்னால் வெள்ளையாக ஒரு படலம் விரிந்து, பக்கத்தில் போகும் பைக் கூடத் தெரியாமல் போகிறது. வாஷர் தண்ணீரை அடித்து வைப்பரை ஓட்டினாலும் அது அசையாது. அது இருப்பது உள்பக்கம்.

சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்க்கலாம். இருட்டிய பிறகு வண்டியை நிறுத்தி டிரைவர் சீட்டில் உட்காருங்கள். வெளியே ஒருவரை நிற்கவைத்து, மொபைல் டார்ச்சைக் கண்ணாடிக்குச் சாய்வாகப் பிடிக்கச் சொல்லுங்கள். முன்பு துணி ஓடிய தடம், குழந்தை கை வைத்த இடம், மழையில் கண்ணாடியை ஈரப்புகை மூடியபோது புறங்கையால் அவசரமாகத் துடைத்த அரைவட்டம் எல்லாம் வரைந்து வைத்ததுபோல் தெரியும். டிரைவருக்கு நேர் எதிரே அந்த அரைவட்டம் இல்லாத கார் அபூர்வம்.

படலம் எங்கிருந்து வருகிறது?

தூசி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தூசியாக இருந்தால் ஈரத்துணியில் ஓர் இழுப்புக்குப் போயிருக்கும். இது எண்ணெய்ப் பிசுக்கு. டேஷ்போர்டு, கதவின் உள்பகுதி, ரெக்சின் சீட் கவர் ஆகியவற்றில் உள்ள பிளாஸ்டிக் விறைத்துப் போகாமல் மிருதுவாக இருப்பதற்காக எண்ணெய்த் தன்மையுள்ள சில பொருட்களைச் சேர்க்கிறார்கள். பிளாஸ்டிசைசர் என்று பெயர். வெயிலில் நிறுத்திய காரில் டேஷ்போர்டின் மேற்பரப்பு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். அந்தச் சூட்டில் இவை கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகி, கண்ணாடி ஆறும்போது அதன்மேல் போய்ப் படிகின்றன. முன் கண்ணாடி டேஷ்போர்டுக்கு மேலேயே சாய்ந்து நிற்பதால் மற்றக் கண்ணாடிகளைவிட அதற்குத்தான் பங்கு அதிகம். புது வண்டி வாசனை என்று ரசிக்கிறோமே, அதில் பெரும்பகுதி இப்படி ஆவியாகும் பொருட்கள்தான். அதனால்தான் வாங்கிய முதல் சில மாதங்களில் கண்ணாடி வேகமாக மங்குகிறது. புது வண்டியில் ஏதோ கோளாறு என்று ஷோரூமுக்குப் போய்ச் சண்டை போட வேண்டியதில்லை.

நம் ஊர் வண்டிகளில் இதோடு இன்னும் சில சேரும். டேஷ்போர்டுப் பிள்ளையாருக்கு வெள்ளிக்கிழமை ஏற்றும் ஊதுபத்தி, ஆயுத பூஜையன்று உள்ளே காட்டும் சாம்பிராணி, சிகரெட், ஏசி கிரில்லில் மாட்டும் சென்ட். ஆனால் எனக்குக் கோபம் வருவது டேஷ்போர்டு பாலிஷ்மேல்தான். வாட்டர் வாஷ் முடிந்ததும் கேட்காமலே ஒரு ஸ்பாஞ்சில் தொட்டு டேஷ்போர்டு முழுக்க மினுமினுவென்று தேய்த்துவிடுவார்கள். பெரும்பாலும் அது சிலிகான் எண்ணெய் கலந்தது. அதில் ஆவியாகக்கூடிய பகுதி அடுத்த வெயிலில் கண்ணாடிக்கு ஏறும். மிச்சம், அதே துணியால் கண்ணாடியையும் ஒரு இழுப்பு இழுக்கும்போது நேராகவே வந்து சேரும். போதாக்குறைக்கு, மினுக்கும் டேஷ்போர்டு பகல் வெயிலில் கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசவைக்கும். சாவியைக் கொடுக்கும்போதே “பாலிஷ் வேண்டாம் அண்ணா” என்று சொல்லிவிடுவது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

பிசுக்கு என்று தெரிந்துவிட்டால், வெறும் தண்ணீரும் மஞ்சள் துணியும் ஏன் உதவுவதில்லை என்பதும் புரிந்துவிடும். அவை பிசுக்கை எடுப்பதில்லை, இடம் மாற்றித் தடவுகின்றன. துடைத்த கையோடு பார்த்தால் சுத்தமாகத் தெரியும். ஈரம் காய்ந்ததும் கோடுகோடாகத் திரும்பி வரும். ஆகவே இந்த வேலையில் இரண்டே விஷயம்தான்: பிசுக்கைக் கரைக்க வேண்டும், கரைந்ததைத் துணியோடு வெளியே எடுத்துவிட வேண்டும்.

துணியும் திரவமும்

மைக்ரோஃபைபர் துணி மூன்று வேண்டும். ஒன்று பிசுக்கை எடுக்க, ஒன்று தண்ணீரில் நனைத்துத் துடைக்க, ஒன்று உலர்த்த. துண்டுபோலப் புசுபுசுவென்று நீளமான இழை உள்ள துணி பெயின்டுக்கு நல்லது, கண்ணாடிக்கு வேண்டாம். பஞ்சு விடும், ஈரத்தையும் திரும்பக் கக்கும். கண்ணாடிக்கென்றே இழை குட்டையாக, கட்டம் கட்டமாக நெய்தது கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். புதுத் துணியை ஒருமுறை அலசிக் காயவைத்த பிறகு பயன்படுத்துவது நல்லது.

பழைய செய்தித்தாளைப் பற்றிக் கேட்பவர்கள் இருப்பார்கள். வீட்டு ஜன்னலுக்குச் சரி. காரில் வேண்டாம். ஈரமான தாளின் மை ஓரத்தில் கூரையைத் தாங்கும் வெளிர்நிறப் பில்லரிலும் கூரைத் துணியிலும் பட்டால் அந்தக் கறையை எடுப்பது தனி வேலை. தவிர, சாய்ந்த கண்ணாடியின் அடிமூலைக்குள் ஈரத்தாள் போகாது, கிழிந்துவிடும்.

திரவத்துக்கு என் தேர்வு ஐசோபுரோபைல் ஆல்கஹால். கடையில் ஐபிஏ என்று கேட்டால் தருவார்கள். மருந்துக்கடையில் 70 சதவீதக் கரைசலாகக் கிடைத்தால் அப்படியே பயன்படுத்தலாம். மொபைல் சர்வீஸ் செய்பவர்கள் சர்க்யூட் போர்டு துடைக்க இதைத்தான் வைத்திருப்பார்கள். சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவில் 99 சதவீதமாகவே கிடைக்கும். அதில் சம அளவு தண்ணீர் கலந்துகொள்ள வேண்டும். கலக்காவிட்டால் துணி கண்ணாடியைத் தொடுவதற்குள் காய்ந்துவிடும், பிசுக்கு கரைய நேரம் இருக்காது.

கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் சானிடைசரை இதற்குப் போட்டுத் தீர்த்துவிடலாமே என்று தோன்றும். தீர்க்காதீர்கள். கை வறண்டு போகாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்ப்பது வழக்கம். உலக சுகாதார நிறுவனம் அப்போது பரிந்துரைத்த கலவையிலேயே 1.45 சதவீதம் கிளிசரின் உண்டு. ஆல்கஹால் ஆவியானதும் அது கண்ணாடியில் தங்கிப் புதிதாக ஒரு பிசுக்கைப் போடும். ஜெல் வகை இன்னும் மோசம்.

கடையில் விற்கும் கண்ணாடி கிளீனரும் வேலை செய்யும், லேபிளைப் பார்த்து வாங்க வேண்டும். கண்ணாடியில் ஃபிலிம் ஒட்டியிருந்தால் அமோனியா உள்ளது கூடாது. நாளடைவில் ஃபிலிமைக் கெடுத்துவிடும். நறுமணத்துக்கும் நிறத்துக்கும் அதிகம் சேர்த்தவை கோடு விடும்.

அப்புறம் தண்ணீர். போர்வெல் தண்ணீர் பல ஊர்களில் உப்பும் சுண்ணாம்புமாக இருக்கிறது; காய்ந்தால் வெள்ளைப் புள்ளி. இன்வெர்ட்டருக்கு ஊற்ற பேட்டரிக் கடையில் விற்கிறார்களே, அந்த பேட்டரி வாட்டர் உப்பு நீக்கியது. இந்த வேலைக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது. ஒரு லிட்டர் வாங்கினால் ரொம்ப நாள் வரும். ஏற்கெனவே வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தால் வினிகரில் நனைத்த துணியை அந்த இடத்தில் சிறிது நேரம் ஒற்றி வைத்துத் துடைத்தால் போகும். வினிகர் சுண்ணாம்பைக் கரைக்கும், எண்ணெயை அவ்வளவாகத் தொடாது. அதை எல்லாவற்றுக்கும் மருந்தாக நினைக்க வேண்டாம்.

துடைக்கும் முன்

கண்ணாடி ஆறியிருக்க வேண்டும். காலை நேரம், இல்லையென்றால் நிழலில் நிறுத்தி அரைமணி நேரம் கழித்து. எஞ்சினையும் ஏசியையும் அணைத்து, கதவுகள் எல்லாவற்றையும் திறந்து வையுங்கள். ஐபிஏ சட்டென்று தீப்பிடிக்கும் திரவம், அதன் ஆவியும் தலைசுற்ற வைக்கும். பக்கத்தில் ஊதுபத்தி, சிகரெட் எதுவும் கூடாது.

முதலில் டேஷ்போர்டு, பிறகுதான் கண்ணாடி. மாற்றிச் செய்தால், டேஷ்போர்டில் கிளம்பும் தூசி ஈரமான கண்ணாடியில் போய் ஒட்டும். போன் ஸ்டாண்ட், பொம்மை, விரிப்பு எல்லாவற்றையும் எடுங்கள். ஏசி காற்று கண்ணாடியில் அடிக்கும் அந்த நீளமான கிரில்லுக்குள் வருடக்கணக்கில் தூசி சேர்ந்திருக்கும். பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி, வேக்குவம் இருந்தால் உறிஞ்சி எடுங்கள். பிறகு ஒரு கோப்பைத் தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, துணியை நனைத்துப் பிழிந்து, டேஷ்போர்டின் பாலிஷைத் துடைத்தெடுங்கள். கடைசியாக வெறும் ஈரத்துணி. மினுக்காமல் மங்கலாக இருப்பதுதான் டேஷ்போர்டுக்கு அழகு. முடிந்ததும் அதன்மேல் ஒரு பழைய துண்டை விரித்துவிடுங்கள். ஆல்கஹால் சொட்டினால் மீட்டர் மேலுள்ள பிளாஸ்டிக் மூடியும் பளபளப்பான கறுப்பு பேனலும் வெளுத்துப் போகலாம்.

கண்ணாடியில் இருப்பவற்றையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஃபாஸ்டேக் ஸ்டிக்கரைக் கிளப்பி ஒட்டலாம் என்று நினைக்கவே வேண்டாம். கிளப்பினால் வேலை செய்யாதபடிதான் அதைத் தயாரிக்கிறார்கள். அதன் ஓரத்தை நனைக்காமல் சுற்றி மட்டும் துடையுங்கள். கண்ணாடியின் நடுவில், ரியர்வியூ மிரருக்குப் பின்னால், மழை சென்சாரோ கேமராவோ உள்ள வண்டி என்றால் அந்தக் கூட்டைக் கழற்றவும் வேண்டாம், அதற்குள் ஸ்ப்ரே அடிக்கவும் வேண்டாம். பழைய பார்க்கிங் பாஸ், எப்போதோ ஒட்டிய காலேஜ் ஸ்டிக்கர் ஆகியவற்றின் பசை மட்டும் தங்கியிருந்தால் நீலகிரித் தைலம் நான்கு சொட்டு விட்டு ஊறவைத்து, காலாவதியான ஏடிஎம் கார்டால் சுரண்டினால் உருண்டு வந்துவிடும். தைலமும் எண்ணெய்தான் என்பதால், இதைக் கண்ணாடி துடைப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

துடைக்கும் முறை

துணியை இரண்டாக மடித்து, மறுபடி குறுக்கே இரண்டாக மடியுங்கள். இப்போது உள்ளும் புறமுமாக எட்டுப் பக்கம் கிடைக்கும். இந்த எட்டுப் பக்கம்தான் உண்மையான ஆயுதம். திரவம் அதற்கு உதவிதான்.

கண்ணாடிமேல் ஸ்ப்ரே அடிக்காதீர்கள், துணிமேல் அடியுங்கள். கண்ணாடியில் அடித்தால் பாதி வழிந்து கிரில்லுக்குள்ளும் ஸ்பீக்கருக்குள்ளும் இறங்கும். துணி ஈரமாக இருந்தால் போதும், சொட்டக் கூடாது. மேலே ஓரத்தில் தொடங்கி, இரண்டு செய்தித்தாள் பக்க அளவுள்ள இடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இடமிருந்து வலமாக நேர்கோட்டில், முந்தைய கோட்டின்மேல் பாதி விழும்படி இழுத்து வாருங்கள். வட்டமாகத் தேய்த்தால் ஓரத்தில் ஒதுங்கும் பிசுக்கு மறுபடி நடுவுக்கு வந்துவிடும். அந்த இடம் முடிந்ததும் துணியைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளைத் துணியாக இருந்தால் பழுப்பும் சாம்பலும் கலந்த ஒரு பட்டை படிந்திருக்கும். யாரும் சிகரெட் பிடிக்காத வண்டியிலும் இப்படித்தான். அந்தப் பக்கத்தை உள்ளே மடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்கு மாறுங்கள். அழுக்கான பக்கத்தையே வைத்து இன்னும் நாலு இழுப்பு இழுப்பதுதான் கோடு விழ முக்கியக் காரணம். எட்டுப் பக்கமும் தீர்ந்து கண்ணாடி இன்னும் பாக்கி என்றால், அலசிய வேறொரு துணியை எடுங்கள்.

வருடக்கணக்கில் தொடாத வண்டி, அல்லது புகைபிடிப்பவர் ஓட்டிய பழைய வண்டி வாங்கியிருக்கிறீர்கள் என்றால், ஒரு சுற்றில் போகாது. முதலில் அந்தச் சோப்புத் தண்ணீராலேயே ஒரு சுற்று துடைத்து, பிறகு ஐபிஏவுக்கு வாருங்கள்.

பெரிய தொல்லை அடிமூலை. கண்ணாடியும் டேஷ்போர்டும் சேரும் அந்த ஒடுக்கத்தில் கை நுழையாது. பிசுக்கு அதிகம் தங்குவதும் அங்கேதான். சீட்டைப் பின்னால் தள்ளுங்கள், ஸ்டியரிங் இறங்கும் வண்டியாக இருந்தால் இறக்கிவிடுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கும்படி கையைத் திருப்பி, விரல்நுனியில் துணியைப் பிடித்து, டேஷ்போர்டு ஓரமாகக் கையை நுழைத்தால் ஓரளவு எட்டும். அதற்கும் எட்டாத இடத்துக்கு, 30 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேலில் துணியைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுக்கொள்ளுங்கள். நீளக் கைப்பிடியும் முக்கோணத் தலையும் உள்ள கருவி ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கலாம், ஆனால் அதன் தலையை அழுத்த முடியாததால் மூலையில் வெறுமனே வழுக்கிக்கொண்டு போகும். ஸ்கேலில் அழுத்தம் கிடைக்கும். மேல்பக்கம் துடைக்கும்போது பிடிமானத்துக்கு ரியர்வியூ மிரரைப் பிடித்து இழுக்காதீர்கள். பல வண்டிகளில் அது கண்ணாடியில் பசையால்தான் ஒட்டியிருக்கிறது.

இதோடு முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இன்னொரு சுற்று பாக்கி இருக்கிறது. ஆல்கஹால் எண்ணெயைக் கரைத்துவிடும். விரல் பட்ட இடத்தின் வியர்வை உப்பை அவ்வளவு எளிதில் எடுக்காது. இரண்டாவது துணியை பேட்டரி வாட்டரில் நனைத்து இறுகப் பிழிந்து முழுக் கண்ணாடியையும் ஒருமுறை துடையுங்கள். அது காய்வதற்குள், பின்னாலேயே உலர்ந்த மூன்றாவது துணி. கடைசி இழுப்புகள் உள்பக்கம் கிடையாகவும், வெளிப்பக்கம் துடைக்கும்போது மேலிருந்து கீழாகவும் இருக்கட்டும். பிறகு ஒரு கோடு தெரிந்தால், அது படுத்திருக்கிறதா நிற்கிறதா என்று பார்த்தே எந்தப் பக்கத்துக் கோடு என்று சொல்லிவிடலாம். இல்லையென்றால் உள்ளே ஒருமுறை, வெளியே ஒருமுறை என்று ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

சரிபார்க்க மறுபடி அந்த டார்ச். இல்லாவிட்டால் கண்ணாடியில் வாயால் ஊதிப் பாருங்கள். சுத்தமான இடத்தில் மூச்சின் ஈரம் ஒரே சீராகப் படிந்து சீராக மறையும். பிசுக்கு உள்ள இடத்தில் திட்டுத்திட்டாக நிற்கும்.

மற்றக் கண்ணாடிகள்

பக்கவாட்டுக் கண்ணாடிகளை இரண்டு அங்குலம் இறக்கிவிட்டு மேல் விளிம்பைத் துடைத்த பிறகு ஏற்றுங்கள். ரப்பருக்குள் ஒளிந்திருக்கும் கறுப்புக் கோடு அப்போதுதான் போகும். பின் கண்ணாடியில் டிஃபாகர் கம்பிகள் (சூடாகி ஈரத்தைப் போக்கும் மெல்லிய கோடுகள்) இருந்தால் அவை ஓடும் திசையிலேயே மெதுவாகத் துடைக்க வேண்டும். அங்கே பிளேடு, ஸ்க்ரேப்பர், கரகரப்பான ஸ்பாஞ்ச் எதுவும் கூடாது. ஒரு கம்பி அறுந்தால் அந்த வரிசை சூடாகாது.

மழைக்காலமும் மூடும் கண்ணாடியும்

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் இந்த வேலையைச் செய்துவைப்பது நல்லது. ஊட்டி, கொடைக்கானல் கிளம்பும் முன்பும்தான். பிசுக்குப் படிந்த கண்ணாடியில் ஈரம் பொடிப்பொடித் துளிகளாக ஒட்டி நிற்கும். ஒவ்வொரு துளியும் எதிர் வண்டியின் வெளிச்சத்தைச் சிதறடிக்கும். சுத்தமான கண்ணாடியில் ஈரம் மெல்லிய படலமாகப் பரவுவதால் பார்வை அவ்வளவு கெடாது, சீக்கிரமும் காயும்.

மூடிவிட்டது என்றால் எந்தப் பக்கம் என்று முதலில் விரலால் தொட்டுப் பாருங்கள். நனைந்த துணியோடு நான்கு பேர் ஏறிய வண்டியில் உள்பக்கம்தான் மூடும். அப்போது ஏசியைப் போட்டு, காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, உள்காற்றே சுழலும் பட்டனை அணைத்து வெளிக்காற்றை விடுங்கள். குளிர்கிறது என்று ஏசியை அணைப்பவர்கள் அதிகம். காற்றில் உள்ள ஈரத்தை இழுப்பதே ஏசிதான், வேண்டுமானால் சூட்டைக் கூட்டிக்கொள்ளலாம். சென்னைப் புழுக்கத்தில் நடப்பது நேர்மாறு: ஏசி காற்று பட்டுக் கண்ணாடி குளிர்ந்து, வெளிப்பக்கம் வியர்க்கும். அதற்கு வைப்பரை ஓர் ஓட்டு ஓட்டி, குளிர்காற்றைக் கண்ணாடியிலிருந்து திருப்பிவிட்டால் போதும்.

ஷேவிங் கிரீம் தடவினால் மூடாது என்று வீடியோக்களில் காட்டுகிறார்கள். கொஞ்ச நேரத்துக்கு மூடாது என்பது உண்மை. ஆனால் அந்தச் சோப்புப் படலமே இரவில் கோடுகோடாக மினுக்கும். இத்தனை பாடுபட்டு எடுத்த பிசுக்குக்குப் பதில் இன்னொன்று. குளியலறைக் கண்ணாடியோடு அதை நிறுத்திக்கொள்ளலாம்.

துணிகளைத் துவைக்கும்போது மற்றப் பருத்தித் துணிகளோடு போடாமல் தனியாக, லிக்விட் டிடர்ஜென்ட் கொஞ்சமாக விட்டு அலசி நிழலில் உலர்த்துங்கள். வாசனைக்கு ஊற்றும் கண்டிஷனர் இவற்றுக்கு ஆகாது. அது இழையின்மேல் ஒரு பூச்சாகப் படிந்து, அடுத்த முறை கண்ணாடிக்கு வந்துவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஹைபீம் பட்டால் நட்சத்திரம்போலச் சிதறுகிறது என்றால், உள்பக்கத்தை இனித் தேய்த்துப் பயனில்லை. வெளிப்பக்கத்தில் விரல்நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். லாரிகளுக்குப் பின்னால் நெடுஞ்சாலையில் ஓடிய வண்டிகளில் மணலும் ஜல்லியும் பட்டுப் பொடிப் பள்ளங்கள் விழுந்திருக்கும். ரப்பர் தேய்ந்த வைப்பர் கீறிய வளைகோடுகளும் இருக்கலாம். ஓரங்களில் பால்போல வெண்மை பரவியிருந்தால், முன் கண்ணாடியின் இரண்டு அடுக்குக்கும் நடுவில் உள்ள பிளாஸ்டிக் தாள் பிரியத் தொடங்கியிருக்கிறது என்று அர்த்தம். அது எந்தத் துணிக்கும் எட்டாத இடம். பார்வையை மறைக்கும் அளவுக்கு வந்துவிட்டால் கண்ணாடியை மாற்றத்தான் வேண்டும்.